பதினொரு நிமிடம்

அட்டகாமாவில் மழை கிடையாது,
நேரம் மட்டும் பெருகுகிறது என்று
புகார் எழுதினாள் டோமித்திலா சோக்கே,
யாக்கோமாவில் ரொட்டி சுடுகிறவள்.
'என் கடிகாரம் ராத்திரிக்குப் பதினொரு நிமிடம் முந்துகிறது.
சுரங்கம் பராமரிப்புக்கு நிற்கும்
ஞாயிறுகளில் மட்டும் ஒழுங்காக ஓடுகிறது.'

அலுவலகத்தில் வாசித்துச் சிரித்தார்கள்.
ஞாயிறு என்ற சொல்லில் நான் நின்றுவிட்டேன்.

அந்த மலிவுக் கடிகாரம்
அலை பூஜ்ஜியத்தைக் கடக்கும் தடவைகளை
எண்ணிப் பிழைப்பது. நொடிக்கு நூறு.
எங்கள் தாமிரத் தொட்டிகளுக்கோ நேர்மின் வேண்டும்.
ரெக்டிஃபையர் அலையை முழுதாகக் குடிக்காது;
கடிக்கும், துப்பும்.
துப்பியதெல்லாம் நாற்பது கிலோமீட்டர் கம்பியேறி
அவள் சமையலறைச் சுவருக்குப் போய்
பூஜ்ஜியத்தின் வாசற்படியில் தடுக்கி
உள்ளே ஒரு கால், வெளியே ஒரு கால்.
கடிகாரம் பாவம்,
இரண்டு பேர் வந்ததாக எண்ணிவிடுகிறது.

மீட்டரை மாட்டினேன்.
ஐந்தாவது ஹார்மோனிக் நூற்றுக்கு இருபத்திரண்டு.
ஏழாவது ஒன்பது.
ஐந்தாம் படை என்றால் இதுதான்:
எல்லோரும் இழுக்கும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு
எதிர்ப்பக்கம் சாய்வது.
மோட்டார்கள் வீணாகக் கொதித்தன.
இரண்டாயிரத்து எழுநூறு மீட்டர் உயரம்,
மெலிந்த காற்று,
சூட்டைத் தூக்கிப்போக ஆளில்லை.
மின்கட்டணம் மிச்சம் பிடிக்க வாங்கிய கெபாசிட்டர்கள்
அதோடு சேர்ந்து ஊஞ்சல் ஆடின.
மே மாதம் மூன்று, வயிறு வீங்கி வெடித்தன.

அப்புறம்தான் மேலாளர் யெர்க்கோ விலாசிச் கூப்பிட்டார்.
'நயாதெத், அந்த ரொட்டிக்காரியின் கடிதம் எங்கே?'

கெபாசிட்டர்களுக்கு முன்னால் சுருள்கள் வைத்தோம்,
ஊஞ்சலின் தாளம் ஐந்தாவதை விட்டு விலக.
இரண்டாம் ரெக்டிஃபையருக்கு
டெல்டா சுற்றிய புது மின்மாற்றி.
முப்பது டிகிரி தள்ளல்.
வித்தை அவ்வளவுதான்.
ஒரே ஐந்தாவது இரண்டு வீட்டிலிருந்து கிளம்பி
பொதுக் கம்பியில் எதிரெதிரே வருகிறது,
ஒன்று மேடாக, மற்றது பள்ளமாக.
அடிதடி இல்லை.
கம்பிக்கு யாரும் வந்ததே தெரியாது.

அக்டோபர் ஒன்பது, விடிகாலை நாலு மணி.
சுவிட்சைப் போட்டதும்
மின்மாற்றியின் குரலில் இருந்த மணல் நின்றது.
'ஓடுதா?' என்றார் யெர்க்கோ.
ஓடாததுபோல ஓடியது.

ஒரு வாரம் கழித்து டோமித்திலாவைப் பார்க்கப் போனேன்.
நன்றியை எதிர்பார்த்துத்தான், மறைப்பானேன்.
மாவுக் கையோடு கதவை அடைத்து நின்றாள்.
'ஆறு வருஷம் ஊருக்கு முன்னால் எழுந்தேன்.
இப்போது கலாமா வேன் எனக்கு முன்னால் வந்து
அவன் ரொட்டியை விற்றுவிட்டுப் போகிறான்.'

அலாரத்தைப் பதினொரு நிமிடம் முன்னால் வைக்கலாமே என்றேன்.

'அது நானாக எழுவது.
முன்பு சுரங்கம் எழுப்பியது.
திட்டுவதற்கு ஆள் இருந்தது.'

இரண்டு ரொட்டி தந்தாள். காசு வாங்கிக்கொண்டாள்.
அவள் பிளக்கில் மீட்டரைச் செருகினேன்.
பதினொன்றாவதும் பதின்மூன்றாவதும் இன்னும் இருந்தன,
குட்டியாக, முப்பது டிகிரிக்கு மசியாமல்.

கொஞ்சம் மிச்சம் இருக்கிறது என்றேன்.

'இருக்கட்டும்' என்றாள்.