ஏழாவது கட்டம்

டாக்டர் சீட்டில் ஒரு சொல்லுக்கு மட்டும்
அடிக்கோடு போட்டிருந்தார்.
யாங்க்.
என் ஜெராக்ஸ் கடை மின்விசிறி
அதை இரண்டு தடவை கவிழ்த்துப் போட்டது.

எஸ்கலின் கேட்டாள், "வியாதியா?"
இல்லை, இழுத்ததாம்.
"எது இழுத்துச்சாம்?"
சீட்டு அதைச் சொல்லவில்லை.

செல்போனில் அகராதி திறந்தேன்.
'வெடுக்கென்று இழுத்தல். பேச்சு வழக்கு.'
யார் பேச்சில் வழக்கு?
பாம்பன் தெற்குவாடியில்
ஒரு வாயும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

படிவத்தில் ஏழாவது கட்டம்:
காயம் ஏற்பட்ட விதம், தமிழில்.
தீப்பெட்டி அளவு இடம்.
'இழுத்ததால்' என்று எழுதினேன்.

வலது கை தூளியில் தொங்க
இடது விரலால் கஸ்பார் அதைத் தொட்டார்.
"இழுக்குறது தெனம் இழுக்குறதுதான் தாயி.
இடுப்புல கயித்த மாட்டிக்கிட்டு
பின்னாலயே நடந்து
மூணு மணி நேரம் கரவலை இழுப்போம்.
அதுல தோள் போவாது.
பீடி இழுக்குறோம். கடன இழுத்து விட்டுக்கிறோம்.
எங்க அய்யா ரெண்டு நாளா
இழுத்துக்கிட்டே கெடந்துதான் போனாரு.
எல்லாம் ஒண்ணா?"

அடித்துவிட்டு
'வலித்ததால்' என்று எழுதப் பார்த்தேன்.
தண்டு வலிக்கிறார்களே, அந்த வலித்தல்.
ஆனால் அதிகாரி மேற்கே எங்கிருந்தோ வந்தவர்.
வலித்ததால் வலித்தது என்று படிப்பார்.
சிரித்துவிட்டு ஃபைலை மூடுவார்.

நம்புராசு வந்தான்.
அன்றைக்கு அதே கயிற்றில்
அவருக்கு முன்னால் நின்றவன்.
"பிடுங்குச்சுன்னு போடுங்க."
பிடுங்கினால் பிடுங்கியவன் கையில்
பல்லோ செடியோ ஏதாவது மிஞ்ச வேண்டும்.
"அப்ப, உருவுச்சு."
உருவுவது சத்தமில்லாத வேலை.
மோதிரத்தை, கத்தியை.
"பறிச்சுச்சு?"
"கடல் என்ன, செயின் பறிக்கிற பயலா?" என்றாள் எஸ்கலின்.
கஸ்பார் சிரித்தார்.
சிரித்ததும் தோள் அவரை நிறுத்தியது.

அதற்குமேல் நம்புராசு சொல் தேடவில்லை.
பேப்பர் கட்டு கட்டும் நைலான் கயிற்றை எடுத்து
ஒரு நுனியை என்னிடம் தந்தான்.
"இழுக்க வேணாம். சும்மா புடிங்க."
பிடித்தேன். விறைப்பாக இருந்தது.
கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினான்.
முடிந்துவிட்டது என்று
என் விரல்கள் நம்பி
ஒரு சுற்று சுற்றிக்கொண்ட நேரம் பார்த்து

சுண்டினான்.

பேனா எங்கோ. நான் மேசைமேல்.
தோளுக்குள் யாரோ தாழ்ப்பாளைத் தட்டிவிட்டது மாதிரி.

"இதுதான்.
மடி பார்ல மாட்டிப் பிச்சுக்கிட்டு வந்துச்சு.
கயிறு தொய்ஞ்சுச்சு.
அண்ணன் அத நம்பி கையில சுத்திட்டாரு.
நீவாடு திருப்பி ஒரு சுண்டு."

நல்ல சொல். எழுதினேன்.
சுண்டியதால்.
கட்டத்தில் இன்னும் அரை இடம் மிச்சம்.

எஸ்கலின் நைலான் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
"இங்க தளர்த்துனது நீ.
அங்க?"

நம்புராசு கயிற்றைச் சுருட்டினான். அவிழ்த்தான்.
மறுபடி சுருட்டினான்.
"போன் வந்துச்சு" என்றான்.
"ஒத்தக் கையிதான் எடுத்தேன்."

என் பேனா கட்டத்துக்கு மேலே நின்றது.

"அத எழுதாத தாயி" என்றார் கஸ்பார்.
"கை கூடுனா
இவன் பின்னாலதான் நிக்கணும்."
எஸ்கலின் எதுவும் சொல்லவில்லை.
சீட்டை எடுத்து, மடித்து,
மடித்ததையே மறுபடி மடித்தாள்.

இடது கைக் கையெழுத்து
கட்டத்தைத் தாண்டி வெளியே ஓடியது.
மூன்று நகல். ஆறு ரூபாய்.
நம்புராசு கொடுத்தான்.

ராத்திரி ஷட்டரை இழுத்தேன்.
வெறும் இழுப்புதான், தினம் இழுப்பது.
பாதியில் அது கொஞ்சம் லேசானது.
கையை எடுத்துவிட்டேன்.