ஐந்தாவது கால்

மூன்றரை மணிக்கு நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு
கீரிப்பாறை ஏழாம் பிளாக்கில் ஏறினேன்.
இருநூற்றுப் பதினான்காம் மரத்தில் மழை பிடித்தது.
வெட்டிய கோட்டைத் தாண்டிப் பால்
தண்ணீரோடு தூரில் இறங்கிப் போனது,
அன்றைய கூலியும் அதோடு.

ஓடிப்போய்ப் பாறைக்கடியில் குந்தினேன்.
அட்டை கடித்த இடம் தேடிக்
கணுக்காலுக்குத் திருப்பிய விளக்கை நிமிர்த்தியபோது
கைக்கெட்டும் உயரத்தில் நின்றது
செங்காவியில் ஒரு மிளா.
சாண் நீளம்கூட இல்லை.

கொம்பு நன்றாக வந்திருக்கிறது,
கிளைக்குக் கிளை, பொறுமையாக.
வயிறு கொஞ்சம் அதிகம்.
மரம் எண்ணுகிறவளுக்கு எதையும் எண்ணாமல் விட முடியாது.
கால்கள் ஐந்து.

மறுபடி எண்ணினேன். ஐந்துதான்.
முன்னங்கால் ஒன்று நீளம் போதாமல்
அந்தரத்தில் தொங்குகிறது.
அதன் பக்கத்தில் சரியான நீளத்தில் இன்னொன்று.
இரண்டுக்கும் நடுவே விரலால் தேய்த்த கறை.
அழிக்கப் பார்த்திருக்கிறான், அல்லது பார்த்திருக்கிறாள்.
பாறை குடித்தது குடித்ததுதான்.

கேட்டால் சடங்குக்கு வரைந்தது என்பார்கள்,
மழை வேண்டி, வேட்டை வேண்டி, குலம் வேண்டி.
இருக்கட்டும்.
அந்தத் தேய்ப்பில் குலம் இல்லை.
அது ஒரே ஒரு ஆளின் ‘ச்சே’.

அந்தச் ‘ச்சே’ எனக்குத் தெரியும்.
வேலைக்குச் சேர்ந்த மாதம் நூற்று மூன்றாம் மரத்தில்
பட்டை தாண்டித் தடிக்குள் இறங்கிவிட்டது கத்தி.
எட்வின்தாஸ் கங்காணி ஐம்பது ரூபாய் பிடித்தார்.
அந்த இடம் இப்போது முழங்கைபோலப் புடைத்திருக்கிறது.
ஒழுங்காய் விழுந்த ஆயிரம் வெட்டுகளில்
எது என்னுடையது, எது ராஜகனியுடையது
கர்த்தருக்கே வெளிச்சம்.
அந்தப் புடைப்பை மட்டும்
விளக்கில்லாமல் தடவிச் சொல்வேன்.

எத்தனை வருஷப் பழசோ, எனக்குக் கணக்கில்லை.
ஆனால் ஐந்தாவது காலோடு அவள் எழுந்து போய்விடவில்லை
(அவள் என்றே வைத்துக்கொள்கிறேன்).
அதற்கப்புறம்தான் வாலை வரைந்திருக்கிறாள்,
மேல்நோக்கி ஒரு சுழி, உள்ளே இன்னொரு சுழி,
மைக்குப் பஞ்சமில்லாத மாதிரி.
எந்த மிளாவும் வாலை அப்படிச் சுழித்துப் பார்த்ததில்லை.

தொட்டுப் பார்க்க ஆசை.
விரலெல்லாம் ஒட்டுப்பால்.
பாவாடையில் துடைத்துத் துடைத்து
மழை விட்டுவிட்டது.

எட்டு மணிக்குக் கணக்கு நோட்டில்
பாலுக்கு நேராகச் சைபர், அதன் கீழ் என் கையெழுத்து.
தங்கலீலா என்று போடும்போது
லீயின் சுழி கொஞ்சம் கூடிப்போயிற்று.
‘இது என்னட்டி வாலு?’ என்றார் எட்வின்தாஸ்.

மிளாவுக்கு, என்றேன்.