ஒற்றை ஆள் கட்டணம்

டாலரில் சொன்னால் அப்பாவுக்கு ஏறாது.
இறாலில் சொல்ல வேண்டும்.
ஜன்னல் இல்லாத உள்ளறை, தலைக்கு நானூற்று இருபது பவுண்டு.
பால்கனி வைத்தது எழுநூறு.
"கடலைப் பார்க்கவா எழுநூறு?" என்கிறார்,
ஐம்பத்தைந்து வருடம் அதன் முகத்தில் விழித்தவர்.

ஹூமாவில், எங்கள் ஐஸ் கிடங்கின் பின்னறை.
ஐஸுக்கும் டீசலுக்கும் கணக்கு எழுதுகிறவள் என்பதால்
இதுவும் என் தலையில்:
அவர்களுடைய ஐம்பதாவது கல்யாண நாளுக்கு
நியூ ஆர்லியன்ஸில் ஏறி, மெக்சிகோ தொட்டு, ஐந்து இரவு,
இருபத்து மூன்று பேர்.

செப்டம்பரில் போனால் கட்டணம் பாதி.
ஏன் பாதி என்று எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும்.
புயல் வந்தால் கப்பல் வேறு பக்கம் திரும்பிக்கொள்ளும்.
கூரை திரும்பிக்கொள்ளாது.
ஆகவே ஜனவரி, படகுகள் கட்டிக் கிடக்கும் மாதம்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும்; இது கடல்.
துறைமுக வரி.
நாளொன்றுக்கு ஆளுக்குப் பதினாறு டாலர் டிப்ஸ்,
மூன்று வயது ரெமிக்கும் உண்டு, அவன் யாருக்கு என்ன வேலை வைப்பானோ.
வண்டி நிறுத்த ஐந்து நாள், ஏழு வண்டி;
நெருக்கி உட்கார்ந்தால் ஐந்து வண்டி.
மதுச்செலவு அவரவர் பாடு என்றேன்.
தம்பி டெரல் மனைவி பக்கம் திரும்பாமல் தலையாட்டினான்.

லுசீல் மாதம் முதல் தேதி உறையில் போட்டுத் தந்துவிடுகிறாள்.
டெரல் வீட்டு உறை வருவதற்குள்
அடுத்த மாதம் வந்துவிடுகிறது.
அதை எழுதவில்லை. பென்சிலால் ஒரு புள்ளி மட்டும்.

அப்பாவுக்கு ஒரே கேள்வி,
கப்பலில் பரிமாறும் இறால் எந்த நாட்டுடையது?
கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.
கேட்கவில்லை.
பதில் தெரிந்தால் இருபத்திரண்டு பேராகிவிடுவோம்.

பிறகு அறை பிரிப்பது.
யார் பெயருக்குப் பக்கத்தில் யார் என்று எழுதும்போதுதான்
குடும்பம் எங்கெங்கே ஒட்டவில்லை என்று தெரிகிறது.
அசெலீ அத்தைக்கு மாமாவோடு ஒரே அறை சம்மதம்,
நடுவில் நடக்க வழி விட்டால்.
டெரல் பட்டாளத்துக்கு இரண்டு அறை, எதிரெதிரே.
சின்னத் தம்பி வெஸ்ஸும் அவன் பிள்ளைகள் இருவரும் ஓர் அறை.
மிஞ்சியது நான்.

தனி ஆளுக்கு இரட்டைக் கட்டணம்.
வராத ஒருவருக்கும் சேர்த்து நானே கட்ட வேண்டும்.
எண்ணூற்று நாற்பது.
நாற்பத்தெட்டு வருடத்தில்
இதற்கு இவ்வளவு தெளிவாக
யாரும் எனக்கு ரசீது தந்ததில்லை.

அன்று மாலை வெஸ்ஸின் மகள்
நோட்டைத் தலைகீழாகப் படித்துவிட்டு
"அம்மா எந்த அறை?" என்றாள்.
ஒன்பது வயது. விவாகரத்து ஆகி இரண்டு வருடம்.
தெரியாமல் கேட்கவில்லை.

ராத்திரி இன்னொரு முறை கூட்டினேன்.
என் அறையில் இன்னோர் ஆள் படுத்தால்
கட்டிலுக்குப் பணம் ஏற்கெனவே கட்டியாயிற்று.
கூடுவது வரி நூற்று எழுபது, டிப்ஸ் எண்பது.
இருநூற்று ஐம்பது பவுண்டு இறால்,
நல்ல இரவாக இருந்தால் ஒரே வலை.

டானெட்டுக்குப் போன் போட்டேன்.
கணக்கை மட்டும் சொன்னேன்.
வேறு எப்படிப் பேசுவது என்று தெரியவில்லை.
அவள் பக்கம் வெகுநேரம் டிவி மட்டும் கேட்டது,
யாரோ எதையோ விலை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.
"குறட்டை விடுவாயா வெர்னெல்?"
"விடுவேன்."
"பாதி நான் தருகிறேன். கட்டிலைப் பிரித்துப் போடச் சொல்."

வெஸ்ஸிடம் இன்னும் சொல்லவில்லை.
நோட்டில் 'இதர செலவு' என்றொரு வரி.
தொகை போடாமல்
அவன் பெயரை அங்கே எழுதி வைத்திருக்கிறேன்.
முன்பணம் திரும்பக் கிடைக்கும் கடைசி நாள்
வியாழக்கிழமை.