ஈரக்கழிவு

கட்டபெட்டுக்குக் கீழே, நாலாம் நம்பர் காட்டில்
பத்தொன்பது வருஷம் கொழுந்து நிறுத்தேன்.
மூங்கில் முக்காலி, தொங்கு தராசு,
காதில் பென்சில்.
மழை நாளில் மூட்டைக்கு இரண்டு கிலோ ஈரக்கழிவு;
அது கம்பெனிச் சட்டம்.
வெயில் நாளிலும் இரண்டு கிலோ;
அது சந்தியாகு ரைட்டர் சட்டம்.

கழித்ததைக் காற்றிலா விட முடியும்?
செக்ரோலில் ஒருத்தியைப் பெற்றுப் போட்டேன்.
தைலம்மை என்று பெயரும் வைத்தேன்.
அவளை அட்டை கடித்ததில்லை.
அவளுக்குப் பேறுகாலம் இல்லை.
துக்க வீடென்று ஒருநாள் விடுப்பு கேட்டதில்லை.
சனிக்கிழமை தோறும் அவள் கூலியை
என் இடது கட்டைவிரல் மை தொட்டு வாங்கியது.
வலது கட்டைவிரல்
ஞாயிற்றுக்கிழமை பூசையில் நெற்றியில் சிலுவை வரைந்தது.
இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டதேயில்லை.

மகள் நர்ஸிங் படித்தது அந்தப் பணத்தில்.
ஊசி போடும்போது வலிப்பதே தெரியாது என்று
அவளைப் பற்றி ஊரே சொல்லும்.

ஓய்வு பெற்ற பிறகுதான் தூக்கம் போனது.
விளக்கணைத்தால் தைலம்மை வந்துவிடுவாள்.
இடுப்புப் படங்கை அவிழ்க்காமல்
கட்டிலுக்குப் பக்கத்தில் வரிசையில் நிற்பாள்.
"நிறுங்க, ரைட்டரே."
முகம் இருக்காது.
முகம் எழுத செக்ரோலில் கட்டம் இல்லை.

தவக்காலத்து மூன்றாம் வெள்ளி.
மாத்திரை டப்பாவைக் கிழித்து, உள்பக்க வெள்ளையில்
கணக்கெழுதி எடுத்துப்போனேன்.
நாற்பத்தோரு பெண்கள், வெயில் நாள் இத்தனை,
கிலோவுக்கு அந்தந்த வருஷத்துக் கூலி.
மொத்தத்துக்குக் கீழே இரட்டைக் கோடு.
சாமியாருக்கு ஜலதோஷம். என் கடைசி மகன் வயது.
கம்பி வலைக்கு அந்தப் பக்கம்
மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டார்.
அட்டையை நீட்டினேன்.
"அது எனக்கெதுக்குங்க ஐயா?
கொடுக்க வேண்டியவங்ககிட்ட கொண்டுபோய்க் கொடுங்க."
பிறகு பாவப்பொறுத்தலின் வார்த்தைகள்.
நாலே வரி.
கட்டன் சாயாவுக்குத் தண்ணி கொதிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

எனக்குக் கோபம்தான் வந்தது.
பத்தொன்பது வருஷம்!
ஒருதரம் கூட்டிச் சரிபார்க்கக் கூடாதா?
அடப்பாவி என்றாவது அதட்டக் கூடாதா?
முழங்காலில் நின்றபடி பீடத்தைப் பார்த்தேன்.
சிலுவையின் குறுக்குக் கட்டை
அசப்பில் தராசுக் கோல் மாதிரியே இருந்தது.
தட்டு மாட்டும் இடத்தில்
ஆணி.

கீழ் லயத்தில் பூங்காவனம் வீட்டுக்கு முதலில் போனேன்.
ஆறு மாத வயிற்றோடு அவள் இறக்கி வைத்த இருபத்தொன்றைப்
பதினேழு என்று எழுதியவன்.
கவரைப் பிரித்தாள்.
எச்சில் தொட்டு இரண்டுமுறை எண்ணினாள்.
"எல்லா ரைட்டரும் மழையிலதான் குறைப்பாங்க.
நீங்க வெயில்ல குறைச்சீங்க."
"ஆண்டவர் மன்னிச்சுட்டார்" என்றேன், அசட்டுத்தனமாக.
"அது உங்க சாமி.
அவருக்கா முதுகு வலிச்சுது?"
வலித்தது என்று சொல்ல வாயெடுத்தேன்.
சொல்லவில்லை.
அவளும் உட்காரச் சொல்லவில்லை.
நாய் மட்டும் மேட்டுப் பாதை வரை கூட வந்தது.

இன்னும் நாற்பது வீடு.
எட்டு வீட்டில் பூட்டு; பிள்ளைகள் திருப்பூரில்.
பி.எஃப் பணம் பாதியிலேயே தீர்ந்துவிடும்,
அது இரட்டைக் கோட்டுக்கு மேலேயே தெரிகிறது.
தெரிந்தும்
ஏறி வரும்போது மூச்சு வாங்கவில்லை.
தூறல் சட்டைக்குள் இறங்கியது.
இறங்கட்டும் என்று விட்டேன்.

அன்றிரவும் தைலம்மை வந்தாள்.
நிறுக்கச் சொல்லவில்லை.
ஈரப் படங்கை அவிழ்த்து
அடுப்பு மேட்டில் விரித்தாள்.
முதன்முதலாக
ஒருநாள் விடுப்பு கேட்டாள்.