சோளகக் காலத்துக்கு ஒரு பட்டியல்

பிரதேச சபையிலிருந்து படிவம் வந்திருக்கிறது.
விடுமுறைக்கு உகந்த சாகசக் கதைகள், சித்திரக்கதைகள், மொத்தம் பத்து.
வயது, பயன், நீதி என்று மூன்று நிரல்.
நீதியை முதலிலேயே கீறி அடித்துவிட்டேன்.

வெளியே சோளகம்.
முத்தையன்கட்டு வீதிப் புழுதி முழுக்க
யன்னலால் ஏறி வந்து
ஒட்டுசுட்டான் உப நூலகத்தின்
மேல்தட்டில் குந்தியிருக்கிறது.

ஒன்று.
நீர்மூழ்கியில் தப்பும் மூன்று பிள்ளைகள்.
குளத்தில் மட்டும் நீந்தியவர்களுக்கு.
தொண்ணூறாம் பக்கத்தில் ஒக்சிசன் முடியும்.
சேர்ந்து மூச்சடக்கிப் பார்க்கவேண்டாம்,
கபிசன் பார்த்தான்,
ரியூசன் வாங்கிலிருந்து விழுந்தான்.

இரண்டு.
சொல்லே இல்லாத சித்திரக்கதை.
ஒரு கரடி, ஒரு லாம்பு, விடியாத இரவு.
இதெல்லாம் வாசிப்பில்லை என்றார் அதிபர்.
நிலோஜினி நாலுதரம் எடுத்துப் போயிருக்கிறாள்.
இரவில் அப்பாவும் ரோர்ச் அடித்து வாசிக்கிறாராம்,
கரடி வரும் பக்கத்தில்
அவர்தான் முதலில் சிரிக்கிறாராம்.

மூன்று. புதையல்.
இதற்குப் படிவத்தில் இடம் காணாது.
அட்டைக்கு உள்ளே வரைபடம்:
தீவு, புள்ளிக்கோடு,
கோடு முடிகிற இடத்தில்
மண்டையோடும் இரண்டு எலும்பும்.
இங்கே தோண்டு என்று அர்த்தம், வேறு ஊர்களில்.
பிரவிந்தாவுக்குப் பத்து வயது.
விரலைக் கோட்டோடு கொண்டுபோனவள்
மண்டையோட்டுக்கு ஒரு சாண் முன்னால்
எடுத்துவிட்டாள்.
"மிஸ், இவங்கள் ஏன் திரும்பிப் போகேல்லை?
போர்ட் போட்டுத்தானே இருக்கு."

அவர்கள் வளவுக்குப் பின்னால்
சிவப்புப் பலகையைக் கழற்றி ஆறு வருசம்.
அந்த நிலத்தில் இப்போது கச்சான் போடுகிறார்கள்.
அவள் இன்னும் சுற்றித்தான் பள்ளிக்கூடம் போகிறாள்.
நான் ஒன்றும் சொல்லவில்லை,
திகதி முத்திரை குத்திக் கொடுத்தேன்.

ஐந்தாம் நாளே கொண்டுவந்தாள்.
வரைபடத்தில் பென்சிலால் இன்னொரு பாதை.
தீவைப் பின்பக்கத்தால் சுற்றி,
இரண்டு இடத்தில் தண்ணிக்கு நின்று,
யானை கடக்கும்வரை ஓரிடத்தில் காத்திருந்து,
புதையலுக்குக் கிட்டவும் போகாமல்
கப்பலுக்கு வந்து சேர்கிறது.
"நல்ல கதை மிஸ். எல்லாரும் வீட்ட போட்டினம்."
புத்தகத்தில் கிறுக்கினால் ஐம்பது ரூபா தண்டம்.
பற்றுச்சீட்டுக் கட்டை எங்கே வைத்தேனென்று
இன்னும் தேடவில்லை.

நான்கு.
யாரோ பாலைப்பழம் தின்ற கையோடு வாசித்ததில்
நாற்பத்தாறும் நாற்பத்தேழும் ஒட்டிப்போய்விட்டன.
நாற்பத்தைந்தில் கள்ளர் கதவை உடைக்கிறார்கள்,
நாற்பத்தெட்டில் எல்லாரும் ஒட்டகத்தில் போகிறார்கள்.
சுரங்கம் என்கிறான் டிசாந்.
கதவே பொய்க் கதவு என்கிறான் கபிசன்.
சைக்கிள் விடுகிற இடத்தில் நேற்றுச் சேட்டுப் பொத்தான் கழன்றது.
கேத்தில் ஆவியில் பிடித்தால் பிரியும்.
கேத்தில் என் மேசையில்தான் இருக்கிறது.
பிடிக்கமாட்டேன்.

ஐந்து.
இது தட்டில் இல்லை, என் லாச்சிக்குள்.
கேட்டால் பைண்டிங்குக்குப் போயிட்டுது என்கிறேன்.
பனிக்காட்டில் நாய்வண்டி ஓட்டித்
தம்பியைத் தேடிப் போகிற ஒரு பெட்டை.
படங்கள் நீலத்தில்.
அவன் சப்பாத்து ஒன்று அகப்பட்டிருக்கிறது.
கடைசி அத்தியாயம் மட்டும் மிச்சம்,
மாசி மாதத்திலிருந்து.

பத்துக்கு இன்னும் ஐந்து வேண்டும்.
நாலரை பஸ் ஹோர்ன் அடிக்கிறது.
பயன் என்ற நிரல் அப்படியே கிடக்கிறது.
ஐந்தாவதுக்கு நேரே, வயது என்ற இடத்தில்
முப்பத்தொன்று என்று எழுதிவிட்டு
யன்னலைச் சாத்துகிறேன்.