வலம்புரி மரை

முதலில் கேட்டது சத்தம்தான்.
ரூவியில், எண்பத்தொன்பதில், ஜூலை வெயிலில்
நடைபாதைக்குக் கல் பதித்துக்கொண்டிருந்தேன்.
எண்ணெயில் நெத்திலி பொரிவதுபோல் ஒன்று
முதுகுக்குப் பின்னால் கடந்து போனது.
நிமிர்ந்தேன்.
வெளிறிய கடல் நிறத்தில் ஒரு சைக்கிள்,
அதன்மேல் கிட்டத்தட்ட யாருமில்லை.

பதினான்கு ரியால் என்றான்
வாதி கபீர் வெள்ளிச் சந்தையில் கல்ஃபான்.
பாதி துரு. ஒரு பெடல் இல்லை.
அந்த மாதம் வீட்டுக்கு எழுதினேன்:
காய்ச்சல், ஓவர்டைம் இல்லை.
சுகுணா பதிலில் கஷாயம் சொல்லியிருந்தாள்.
அதையும் போட்டுக் குடித்தேன்
பொய்க்கு மரியாதையாக.

கட்டிலுக்கடியில் ஒன்று, சுவரில் ஒன்று,
மூன்றாவது கட்டிலிலேயே என்பான் குஞ்ஞாலி.
பியாங்கி, கொல்நாகோ, பெயர் உரிந்துபோன இன்னொன்று.
ஏசியைப் பதினெட்டில் வைப்பது எனக்காக அல்ல;
டயரை ரிம்மோடு ஒட்டும் பசை
ஆகஸ்டில் இளகிவிடும்.

அதிகாலை மூன்றரைக்கு மத்ரா கடற்கரை.
வியர்வை உலராது, வழியாது, சும்மா நிற்கும்.
கியர் மாற்றக் குனிந்து சட்டத்தைத் தொடவேண்டும்;
எந்தப் பல்லில் விழுந்தது என்று
காதுதான் சொல்லும்.

நம்மூர் ராலே வலப்பக்கம் இடம்புரி மரை.
மிதிக்க மிதிக்க இறுகும்.
இத்தாலிக்காரன் இரண்டு பக்கமும் வலம்புரி வைத்தான்.
மிதிக்க மிதிக்கத் தளரும்.
தெரியாத காலத்தில்
கழற்றுவதாக நினைத்து ஒருநாள் முழுக்க
இறுக்கிக்கொண்டிருந்தேன்.
முந்நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை
முப்பத்தாறாம் நம்பர் ஸ்பேனர்.
ஏன் இப்படி வைத்தான் என்று கேட்க
முப்பத்தைந்து வருஷத்தில்
ஒரு இத்தாலிக்காரனும் அகப்படவில்லை.

விசா முடிந்தது.
கார்கோ பையன் படிவத்தில் எழுதினான்:
பழைய இரும்பு, மூன்று. மதிப்பு: இல்லை.
"அப்பதான் டூட்டி வராது அண்ணாச்சி."
கையெழுத்துப் போட்டேன்.
பேனா முதலில் எழுதவில்லை, உதறினேன், எழுதியது.

ஸ்பேனரை மட்டும் கைப்பையில் வைத்திருந்தேன்.
திரையில் அது நீல எலும்பாகத் தெரிந்தது.
எதற்கு என்றாள் சீருடைப் பெண்,
அரபியில், பிறகு இந்தியில்.
தளரும் என்றேன்.
என்ன தளரும்?
பின்னால் வரிசை முனகியது.
இரண்டு கையாலும் வட்டம் போட்டேன்:
இந்தப் பக்கமும் இப்படி, அந்தப் பக்கமும் இப்படி.
அவள் சிரிக்கவில்லை.
தன் விரலால் ஒருமுறை சுற்றிப் பார்த்தாள்.
பிறகு தொட்டியில் போட்டாள்,
யாருடையதோ அத்தர் குப்பிக்கும்
நகவெட்டிக்கும் நடுவில்.