பதின்மூன்று மிச்சம்

பரந்தன் சந்திப் பழைய இரும்புக் கடையில்
நிறுத்துத்தான் தந்தான்.
தொளாயிரம் கிராம், ரஷ்யக் கமரா.
பற்றரி போட இடமே இல்லை.

நெம்பை இழுத்தேன்.
இடப்பக்கக் குமிழும் கூடவே சுழன்றது.
உள்ளே யாரோ போட்ட பிலிம்,
எண்வட்டில் இருபத்திமூன்று.

பின்கதவுக்குப் போன விரல் நின்றுவிட்டது.
முறிகண்டிக் காட்டில்
காலை ஆறரை தொடங்கி
கண்ணிவெடிக்கு மண் சுரண்டுகிறவள் நான்.
தெரியாத எதையும் இழுத்துத் திறப்பதில்லை.

மீற்றர் செத்துப்போயிருந்தது.
வெயிலைப் பார்த்து நானே சொல்லிக்கொண்டேன்:
நூற்றிருபத்தைந்து, பதினாறு.
பாலை நிழலென்றால் மூன்று படி திற.
தூரம் மட்டும் கேட்க வேண்டாம்,
அது சம்பளத்துக்குச் செய்கிற வேலை.

முகக்கவசத்தைத் தூக்கிவிட்டு
மோர் குடிக்கும் யசோதினி.
இரணைமடு வான்கதவில் சிக்கிய தூண்டில்.
அவசரத்தில் என் சப்பாத்து, இரண்டு தரம்.
பிறகு அந்தக் கன்று:
சிவப்புத் தலைக் கம்புகளைத் தாண்டிப் போய்
நடுவில் படுத்து அசை போட்டது.
கூப்பிட்டால் எழும்பிவிடும்.
ஒருவரும் மூச்சு விடவில்லை.
நான் அமத்தினேன்,
அந்தச் சத்தத்துக்கே காதை ஆட்டியது.

அது முப்பத்தாறாவது.

சுற்றி எடுக்கையில்
விரலுக்குள் இறுக்கம், இறுக்கம்,
பிறகு சட்டென்று ஒன்றுமில்லை.

கொழும்பில் கழுவுகிற பொடியன்
பத்து நாள் கழித்து எடுத்தான்.
"அக்கா, உங்கட கண்டுக்குட்டி வடிவா வந்திருக்கு.
முன்னுக்கு இருக்கிறது முழுக்கப் புகார்.
ஆக்கள் மாதிரிக் கிடக்கு,
நிரையா நிக்கினம்.
அதை வெட்டி எறியட்டோ?"

வெட்டாதை, எண்டன்.
ஒரே நாடாவா அனுப்பு.